பழைய காரின் டாஷ்போர்டு விளக்கு மங்கலாக எரிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1961 முதல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 2014 வரை உத்தரபாரா ஆலையிலிருந்து வந்துகொண்டிருந்த அம்பாசிடர் ஆகிய இரண்டும் பிரிட்டிஷ் வண்டிகளின் வழிவந்தவை. முதலாவதற்கு மூலம் டிரையம்ஃப் ஹெரால்டு, இரண்டாவதற்கு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. இவற்றில் 1960, 70களில் வந்த வண்டிகளைப் பழுதுபார்த்துப் புதுப்பிப்பவர்களை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. பிரீமியர் பத்மினி ஃபியட் குடும்பம். அதில் ஒயர்களின் நிறம் மாறும், மங்கலுக்கான காரணங்கள் மாறா.

வண்டி புதிதாக இருந்தபோதே வெளிச்சம் இவ்வளவுதானா?

ஓரளவுக்கு ஆம். அக்காலத்து பிரிட்டிஷ் பாணி மீட்டர்களில் இருப்பவை 12 வோல்ட், 2.2 வாட் திருகு பல்புகள். பிரிட்டனில் இவற்றை 987 என்ற எண் சொல்லிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். பல்பு முகப்புத் தட்டுக்குப் பின்னாலோ விளிம்பிலோ ஒளிந்திருக்கும். தட்டின் ஓரமாகக் கசிந்து வரும் ஒளிதான் எண்களின்மேல் விழும். தெருவிளக்கில்லாத சாலையில், இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு அது போதும் என்று கணக்கிட்டே செய்தார்கள். இன்றைக்கு எதிரே வரும் லாரியின் வெள்ளை விளக்கு கண்ணைக் கூசவைத்துவிட்டுப் போனபின் அதே மீட்டரைப் பார்த்தால் கறுப்பாகத்தான் தெரியும்.

ஆனாலும், வேகமானி முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க செல்பேசி வெளிச்சம் தேவைப்படுகிறது என்றால் அது வடிவமைப்பின் குறையல்ல. ஐம்பது ஆண்டுத் துருவும் களிம்பும் செய்த வேலை.

அப்படியானால் எதிலிருந்து தொடங்குவது? பிரகாசமான பல்பு வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள். முதலில் பல்புக்கு எத்தனை வோல்ட் போய்ச் சேருகிறது என்று பாருங்கள். இழை பல்பின் குணம் விசித்திரமானது: மின்னழுத்தம் கொஞ்சம் குறைந்தால் ஒளி நிறையக் குறையும். மின்னழுத்தத்தின் 3.4ஆவது அடுக்குக்கு ஏற்ப ஒளி மாறும் என்பது பல்புத் துறையில் பழகிய கணக்கு. அதாவது வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஒளி 30 சதவீதம் போய்விடும். 13.5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 11 வோல்ட் வந்தால் பாதி வெளிச்சம்தான் மிஞ்சும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நான்கு மீட்டர் பல்புகள் சேர்ந்து இழுப்பது முக்கால் ஆம்பியர் அளவுக்குத்தான். இந்தச் சிறு மின்னோட்டத்தின் வழியில் மூன்று ஓம் தடை புகுந்தாலே ஏறத்தாழ இரண்டு வோல்ட் பறிபோகும். ஒளியில் 40 சதவீதம் காணாமல் போகும். மூன்று ஓம் தடையை உண்டாக்கப் பெரிய கோளாறு எதுவும் தேவையில்லை. பித்தளை முனையில் படிந்த பச்சைக் களிம்பு போதும். குழாயில் அடைப்பை வைத்துக்கொண்டு மாடியில் பெரிய தொட்டி கட்டுவதுபோலத்தான், வோல்ட்டைத் தேடாமல் பல்பை மாற்றுவதும்.

வோல்ட் எங்கே தொலைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும், இரு முனையிலும் முதலைக் கிளிப் போட்ட நீளமான ஒயர் ஒன்றும் வேண்டும். பேட்டரியின் முனையை வண்டிக்குள் கொண்டுவரத்தான் அந்த நீள ஒயர். மல்டிமீட்டரை 20 வோல்ட் நேர்மின் அளவில் வையுங்கள். எஞ்சின் ஓடவேண்டாம். பார்க்கிங் விளக்கைப் போட்டு, டாஷ்போர்டு விளக்குக்கான குமிழ் இருந்தால் அதை முழு வெளிச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

முதல் சோதனை எர்த் பக்கம், அதாவது மின்சாரம் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் பாதை. நீள ஒயரை பேட்டரியில் பாடியோடு இணைந்திருக்கும் முனையில் மாட்டி, மறுமுனையை மல்டிமீட்டரின் ஒரு கம்பியோடு சேருங்கள். மற்றக் கம்பியால் எரிந்துகொண்டிருக்கும் பல்பின் ஹோல்டர் உலோகத்தைத் தொடுங்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் எர்த் நன்றாக இருக்கிறது. 0.1 வோல்ட் வரை கவலையில்லை. 0.3ஐத் தாண்டினால் எர்த்தில் கோளாறு.

இரண்டாவது, மின்சாரம் வரும் பக்கம். நீள ஒயரை பேட்டரியின் மற்ற முனைக்கு மாற்றி, ஹோல்டருக்கு வரும் ஒயரின் முனையைத் தொடுங்கள். இப்போது காட்டும் எண்தான் வழியில் தொலைந்த வோல்ட். ஒன்றரை, இரண்டு என்று காட்டினால் அங்கிருந்து பின்னோக்கி நடக்கவேண்டும்: ரியோஸ்டாட்டில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழின் பின்னால் இருப்பது) மின்சாரம் வெளியேறும் முனை, அதில் நுழையும் முனை, பிறகு விளக்கு ஸ்விட்சில் வெளியேறும் முனை, நுழையும் முனை. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எண் சட்டென்று இறங்குகிறதோ அங்கேதான் திருடன் உட்கார்ந்திருக்கிறான். பிரிட்டிஷ் நிற ஒழுங்கு மாறாத வண்டியில் மீட்டர் விளக்குக்குப் போவது சிவப்பில் வெள்ளைக் கோடு போட்ட ஒயர். பார்க்கிங் விளக்குக்குச் சிவப்பு. பல கைகள் பட்ட வண்டியில் நிறத்தை நம்பாமல் ஒயரைப் பின்தொடர்ந்து போவதே நல்லது.

பழைய பிரிட்டிஷ் பாணி வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே பாடியில் இணைந்திருப்பதும் உண்டு. அப்போது எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும், பொருட்படுத்த வேண்டாம்.

டாஷ்போர்டுக்குப் பின்னால் கைவிடுவதற்கு முன் கவனிக்க வேண்டியது என்ன?

மேலே சொன்ன அளவெடுப்பைத் தவிர வேறு எந்த வேலைக்கும் பேட்டரி முனையைக் கழற்றிவிட்டே கை வையுங்கள். இவ்வகை வண்டிகளில் பழுப்பு நிற ஒயர் பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவி போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும், வழியில் ஃப்யூஸ் இருக்காது. கையில் உலோகப் பட்டை கைக்கடிகாரமோ மோதிரமோ இருந்து அது பாடிக்கும் பழுப்பு ஒயரின் முனைக்கும் நடுவே மாட்டினால், தோல் வெந்துவிடும். ஒயரிங் முழுக்கப் புகையக்கூடும்.

பல வண்டிகளில் மீட்டர் விளக்குக்கே ஃப்யூஸ் கிடையாது. வேலையோடு வேலையாக அந்த வெள்ளைக் கோடு போட்ட சிவப்பு ஒயரின் தொடக்கத்தில் 5 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

பாடி வேலை முடிந்து, புதுப் பெயின்ட் அடித்து வந்தபிறகுதான் மங்கலானது. ஏன்?

புதுப்பித்த வண்டிகளில் மிக அதிகமாக வரும் புகார் இது. காரணமும் பெரும்பாலும் ஒன்றே. எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டின் துளையைச் சுற்றிப் பிரைமரும் பெயின்டும் ஏறியிருக்கும். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக ஏதோ கொஞ்சம் கசிந்து வருவதால் பல்பு அணையாமல் மினுக்கிக்கொண்டிருக்கும். போல்ட்டைக் கழற்றி, வளையமுனை உட்காரும் வட்டத்தை மட்டும் உலோகம் பளிச்சிடும்வரை சுரண்டி, இறுக்கியபின் மேலே சிறிது கிரீஸ் பூசுங்கள். முதலில் இறுக்கம், பிறகு கிரீஸ்.

மர டாஷ்போர்டு உள்ள ஹெரால்டுகளில் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். மீட்டர் மரத்தில் உட்கார்ந்திருக்கிறது. மரத்தின் வழியாக எர்த் வராது. மீட்டரின் முதுகில் உள்ள வளைந்த பிடிப்பட்டையையும் அதைப் பிடிக்கும் சொரசொரப்பான விளிம்புள்ள சிறு நட்டையும் பார்த்தால், நட்டுக்கு அடியில் ஒரு கறுப்பு ஒயர் இருக்கவேண்டும். பாலிஷ் போடக் கழற்றியவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவார்கள். எல்லா மீட்டர்களின் பிடிப்பட்டைகளையும் ஒரே கறுப்பு ஒயரால் தொடராக இணைத்து, அதன் முனையைப் பாடியின் சுத்தமான உலோகத்தில் இறுக்குவது அரை மணி நேர வேலை. இந்தப் பக்கத்தில் ஒரேயொரு வேலையை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பல்பு ஹோல்டரில் என்ன பார்க்கவேண்டும்?

ஹோல்டர் மீட்டரின் துளையில் அழுத்தி உட்காரும் வகை. அதன் விளிம்பில் இருக்கும் மெல்லிய உலோக நகங்கள்தான் மீட்டர் கூட்டைத் தொட்டு எர்த் எடுக்கின்றன. வெளியே இழுத்துப் பாருங்கள். துளையின் விளிம்பில் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு துரு வளையம் இருக்கும். நகங்கள் விரிப்பை இழந்து தளர்ந்திருக்கும். நயமான உப்புத்தாளால் இரண்டையும் தேய்த்து, நகங்களைச் சிறு திருப்புளியால் வெளிப்பக்கம் மெல்ல நெம்பிவிடுங்கள். திரும்ப மாட்டும்போது சற்று முரண்டு பிடிக்கவேண்டும். தானாக வழுக்கி உள்ளே போனால் பிடிப்பு போதாது.

பல்பையும் கழற்றி வெள்ளைத்தாளுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். இழையிலிருந்து ஆவியான டங்ஸ்டன் உட்புறக் கண்ணாடியில் சாம்பல் பூச்சாகப் படிந்திருக்கும். அப்படிப்பட்ட பல்பு எரிந்தாலும் அதன் வேலை முடிந்துவிட்டது.

ரியோஸ்டாட்டை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

எல்லா வண்டியிலும் இது இருப்பதில்லை. இருந்தால், குமிழைத் திருப்பும்போது உள்ளே ஒரு சிறு உலோக நாக்கு கம்பிச்சுருளின்மேல் நகர்ந்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும். அறுபதாண்டு ஈரக்காற்றில் கம்பிச்சுருள் கறுத்துவிடும். குமிழைத் திருப்பத் திருப்ப விளக்கு மினுங்கினால் சந்தேகமே வேண்டாம்.

உறுதி செய்ய எளிய வழி உண்டு: அதன் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துப் பாருங்கள். வெளிச்சம் கூடினால் ஆள் அகப்பட்டுவிட்டான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, சுருளின் மேற்பரப்பைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். வராவிட்டால் ஒயர்களை அப்படியே நிரந்தரமாக இணைத்துவிட்டுக் குமிழை மட்டும் அதன் இடத்தில் விட்டுவிடலாம். என்னைக் கேட்டால் இதுவே சரி. இந்த விளக்கைக் குறைத்து வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்ட ஹெரால்டு உரிமையாளர் எவரையும் நான் பார்த்ததில்லை.

வோல்ட் எல்லாம் சரி, இன்னும் மங்கல். மீட்டரைத் திறக்கலாமா?

திறப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. 1950களுக்கு முந்தைய வண்டியாகவோ, ராணுவ, விமானப் பயன்பாட்டிலிருந்து வந்த மீட்டராகவோ இருந்து, எண்களின்மேல் தடித்த பழுப்பு அல்லது பச்சைப் பூச்சு இருந்தால் கை வைக்காதீர்கள். அக்காலத்தில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சு பயன்பட்டது. ஒளிர்வது நின்றுபோயிருக்கும், ஆனால் கதிர்வீச்சு நிற்காது. ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டு. தூளை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. சுரண்டாமல், திறக்காமல் விட்டுவிடுங்கள்.

மற்றவற்றைத் திறக்கலாம். ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மீட்டரோ அதே பாணியில் செய்யப்பட்டதோ, முகப்பின் குரோம் வளையத்தின் உட்புறத்தில் சிறு நாக்குகள் இருக்கும். கூட்டின் விளிம்பில் அவற்றுக்கான வெட்டுகள் இருக்கும். வளையத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றினால் நாக்கும் வெட்டும் நேர்ப்படும், வளையம் கழன்று வரும். பழைய ரப்பர் இறுகி ஒட்டியிருந்தால் துரு நீக்கும் எண்ணெயை நூலால் தொட்டு விளிம்பில் மட்டும் வைத்துப் பொறுமையாகக் காத்திருங்கள். நெம்பினால் குரோம் மடிந்துவிடும்.

உள்ளே பார்த்தால் கூட்டின் உட்சுவர் ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்தது என்பது தெரியும். இப்போது அது மஞ்சளும் பழுப்புமாக இருக்கும், சில இடங்களில் உரிந்தும் இருக்கும். பல்பின் ஒளி இந்தச் சுவரில் பட்டுத் திரும்பித்தான் எண்களுக்குப் போகிறது. முள்ளும் பொறியும் அடங்கிய பகுதியைப் பின்பக்கத் திருகுகளை நீக்கி வெளியே எடுத்துவைத்துவிட்டு, காலிக் கூட்டின் உட்சுவருக்கு மட்டும் பளபளப்பில்லாத வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள். ஹோல்டர் உட்காரும் துளையின் விளிம்பில் பெயின்ட் படக்கூடாது. பட்டால் மறுபடி எர்த் போச்சு. சிலர் அலுமினியத் தாளை ஒட்டுகிறார்கள். அது ஒளியைப் பரப்பாமல் திட்டுத்திட்டாக அடிக்கும், பிய்ந்து விழுந்தால் ஷார்ட் ஆகும்.

கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப்பசை போன்ற மென்படலம் இருக்கும், துடைத்துவிடுங்கள். முகப்புத் தட்டை மட்டும் ஈரத்துணியால்கூடத் தொடவேண்டாம். அந்த எண்கள் சில வண்டிகளில் கைவிரல் ஈரத்துக்கே கரைந்து வந்துவிடும். தூசியை ஓவியத் தூரிகையால் தட்டினால் போதும்.

5 வாட் பல்பு போடலாமா?

வேண்டாம். ஹோல்டர் உருகும், நிறவடிகட்டி சுருங்கும், தட்டில் பல்புக்கு நேராகப் பழுப்பு வட்டம் விழும்.

எல்.இ.டி. பல்பு?

போடலாம். ஆனால் மேலே சொன்ன எல்லாம் முடிந்தபிறகு. எல்.இ.டி. மிகக் குறைந்த மின்னோட்டத்தில் எரிவதால் களிம்பேறிய இணைப்பிலும் பளிச்சென்று எரியும். கோளாறு மறைந்துபோகும், தீராது. அதே மோசமான எர்த்தை நம்பித்தான் உங்கள் பெட்ரோல் மீட்டரும் வேலை செய்கிறது.

வாங்கும்போது ஒளி எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். முனையில் மட்டும் ஒற்றைச் சில்லு உள்ள மலிவு வகை ஒரு புள்ளியை வெளிச்சமாக்கிவிட்டு மற்றதை இருட்டில் விடும். இந்த மீட்டர்களுக்கு வேண்டியது சுற்றுப்புறமும் ஒளி விடும் வகை. பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் இணைந்த வண்டி என்றால் இருதிசையிலும் எரியும் எல்.இ.டி. என்று கேட்டு வாங்கவேண்டும், இல்லையேல் எரியாது. பழைய ரியோஸ்டாட் எல்.இ.டி.யை ஏறக்குறைய மங்கவைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். குறைக்க வசதி வேண்டுமென்றால் அதற்கான மின்னணு டிம்மரைத் தனியாகப் பொருத்தவேண்டும்.

நிறம் பற்றி ஒரு சொல். பல மீட்டர்களில் பல்புக்கு முன்னால் பச்சையோ நீலப்பச்சையோ வடிகட்டி உண்டு. இழை பல்பின் மஞ்சள் ஒளியில் பச்சையும் நீலமும் குறைவு என்பதால் வடிகட்டி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். குளிர்வெள்ளை எல்.இ.டி. போட்டால் வெளிச்சம் கூடும், ஆனால் மருத்துவமனை நீலம் வந்துவிடும். இளமஞ்சள் வெள்ளை எல்.இ.டி.யே பழைய தோற்றத்துக்கு நெருக்கமானது. சிவப்பு எல்.இ.டி. பச்சை வடிகட்டியைத் தாண்டவே தாண்டாது.

எச்சரிக்கை விளக்குகளையும் எல்.இ.டி. ஆக்கிவிடலாமா?

ஆயில் பிரஷர் விளக்கை மாற்றலாம். பேட்டரி சார்ஜ் ஆவதைக் காட்டும் சிவப்பு விளக்கைத் தொடாதீர்கள். ஆல்டர்னேட்டர் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) பொருத்திய வண்டியில் அந்தச் சிறு பல்பின் வழியாகப் போகும் மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரை விழிக்கவைக்கிறது. எல்.இ.டி. அந்த அளவு மின்னோட்டத்தை விடாது. வண்டி ஓடும், சார்ஜ் ஏறாது, பாதி வழியில் நிற்பீர்கள். இண்டிகேட்டருக்கு இடம், வலம் இரண்டுக்கும் நடுவே ஒற்றை விளக்கை இணைத்திருக்கும் வண்டிகளில் ஒருதிசை எல்.இ.டி. ஒரு பக்கத்துக்கு மட்டுமே எரியும்.

எஞ்சின் மெதுவாக ஓடும்போது மங்குகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் பளிச்சிடுகிறது. இது கோளாறா?

ஆல்டர்னேட்டருக்குப் பதிலாகப் பழைய வகை டைனமோ உள்ள வண்டியில் இது இயல்பு. சிக்னலில் நிற்கும் வேகத்தில் டைனமோ எதுவும் தருவதில்லை, விளக்குகளைச் சுமப்பது பேட்டரி மட்டும். 12.2 வோல்ட்டிலிருந்து 13.5க்கு ஏறினால் ஒளி 40 சதவீதம் கூடும், அதைத்தான் பார்க்கிறீர்கள். இதற்காக மட்டும் ஆல்டர்னேட்டருக்கு மாறுவது செலவுக்கேற்ற பலன் இல்லை. மாறியே ஆவது என்றால் பேட்டரி எர்த்தும் நெகட்டிவுக்கு மாறவேண்டியிருக்கலாம். அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ரிலே போட்டால் டாஷ்போர்டு விளக்கு கூடும் என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் ரிலே (சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போடவேண்டிய இடம் ஹெட்லைட். இந்த வண்டிகளில் ஹெட்லைட்டின் முழு மின்னோட்டமும் டாஷ்போர்டில் உள்ள அந்த ஒற்றை ஸ்விட்ச் வழியாகவே போகிறது. மீட்டர் விளக்குக்கும் அதே ஸ்விட்ச், அதே பழுப்பு ஒயர். ஹெட்லைட்டைப் போட்டவுடன் மீட்டர் விளக்கு சட்டென்று இறங்கினால் காரணம் இந்தக் கூட்டுக் குடித்தனம். ஹெட்லைட்டை இரண்டு ரிலேக்கள் மூலம் பேட்டரியிலிருந்து நேரடியாக, ஃப்யூஸோடு இணைத்துவிட்டால் ஸ்விட்சின் சுமை இறங்கும். ஹெட்லைட்டும் பிரகாசமாகும், மீட்டரும் பிரகாசமாகும்.

மீட்டர்களுக்கு 10 வோல்ட்தான் வருகிறது. இதுதான் காரணமோ?

இல்லை. பெட்ரோல், வெப்ப மீட்டர்களின் முள் சீராக நிற்பதற்காக வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று அவற்றுக்கு மட்டும் சராசரியாக 10 வோல்ட் தருகிறது. விளக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த மாற்றங்களால் விண்டேஜ் பதிவுக்குச் சிக்கல் வருமா?

50 ஆண்டு கடந்த வண்டிகளுக்காக மத்திய அரசு 2021இல் கொண்டுவந்த விதி, சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது என்கிறது. பல்பும் எர்த் ஒயரும் அந்தக் கணக்கில் வராது. கண்காட்சிக்கு வண்டியைக் கொண்டுபோனால் எல்.இ.டி.யின் நிறத்தை நடுவர் ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார்; அன்றைக்கு மட்டும் பழைய பல்புகளை மாட்டிக்கொள்ளுங்கள்.

பல்பும் ஹோல்டரும் எங்கே கிடைக்கும்?

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதியவை, புதுப்பேட்டையில் பழையவை. கடைக்குப் போகும்போது கழற்றிய பல்பையும் ஹோல்டரையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். திருகு வகையும், இரண்டு கொண்டைகள் வைத்துச் சொருகித் திருப்பும் வகையும் ஒரே வண்டியின் வெவ்வேறு மீட்டர்களில் இருப்பது சகஜம். பழைய ஹோல்டர் வாங்கினால் நகங்களை விரலால் அழுத்திப் பாருங்கள். மடிந்தபடியே நின்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுங்கள்.